தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள்

ரயில் பெட்டிக்குள் ஒருவன் ஒரு சிறுமிக்கு முடி வெட்டிவிடுகிறான். அவன் அவளுக்கு அப்பா இல்லை, மாமா சித்தப்பா முறையும் இல்லை. கொலைக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போகும் வழியில் போலீஸ் கார் விபத்துக்குள்ளாகித் தப்பியவன். பிணங்கள் எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று, அட்லாண்டா நகருக்கு வெளியே ஒரு வீட்டின் கொல்லையில், மரத்தின் மேல் கட்டிய சிறு குடிலில் அவள் தனியாக ஒளிந்திருந்ததைக் கண்டான். முடியை இப்படி விட்டுவைத்தால் நடைப்பிணங்களின் கைக்கு எளிதாகச் சிக்கும், இந்தக் குழந்தை பிழைக்காது என்று உடன்வந்த முதியவர் எச்சரித்திருக்கிறார். அதனால் முடியை வெட்டுகிறான். ஒரு பாட்டிலை வைத்து, துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுக்கிறான்.

2012-இல் டெல்டேல் கேம்ஸ் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டின் மூன்றாவது அத்தியாயத்தில் வரும் காட்சி இது. அவன் பெயர் லீ எவரெட். அவள் க்ளெமென்டைன், வயது எட்டு. சினிமாவில் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்போம், அவ்வளவுதான். இங்கே துப்பாக்கியைப் பிடித்திருக்கும் அவள் கையைச் சரிசெய்வதும், அவளிடம் என்ன சொல்வதென்று முடிவெடுப்பதும் நாம். ஒரு குழந்தைக்கு நாமே சுடக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் விளையாட்டை நிறுத்திய பிறகும் நம்மை விடுவதில்லை.

வீடியோ கேம்களில் குழந்தைகள் எப்போதோ வந்துவிட்டார்கள். ஒரு பாகத்தில் குழந்தையாக இருந்தவர் அடுத்த பாகத்தில் வளர்ந்து வந்து நிற்பதும், அவரை நாம் மறுபடி சந்திப்பதும்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் உருவான அனுபவம். அந்தப் பிள்ளையோடு நாம் ஒன்றிப்போவது எதனால்? அவர் படும் துன்பத்தினால் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது போதாது என்று நினைக்கிறேன். துன்பம் எல்லா விளையாட்டிலும் மலிந்து கிடக்கிறது. வளர்த்த கையிலிருந்து பிள்ளை நழுவிப் போவதைத்தான் இந்த இரண்டாம் பாகங்கள் நமக்கு உணர்த்துகின்றன. எந்த விளையாட்டு அந்த நழுவலை நேர்மையாகக் காட்டுகிறதோ, அதில் வரும் பிள்ளைதான் மனத்தில் தங்குகிறது.

பழைய விளையாட்டுகளில் வளர்ச்சி ஒரு தாவலாகவே இருந்தது. 1992-இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 5’-இல் நாயகன் சிறுவனாக இருக்கும்போதே, அவன் கண்ணெதிரே தந்தை கொல்லப்படுகிறார். அடுத்த பத்தாண்டு அடிமை வாழ்வு ஒரு நொடியில் கடந்துவிடுகிறது. 1998-இல் வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ கதையில் சிறுவன் லிங்க் ஏழு ஆண்டுகள் உறங்கி எழுந்து பார்க்கும்போது இளைஞனாகியிருக்கிறான். இரண்டும் அருமையான விளையாட்டுகள். ஆனால் வளர்ச்சி நடந்த நாட்களில் நாம் அங்கே இல்லை. 2010-இல் வந்த ‘பயோஷாக் 2’ வேறொரு வழியைத் திறந்தது. அதில் எலினார் என்ற பெண், தந்தையின் இடத்தில் இருக்கும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். சிறுமிகளை நாம் காப்பாற்றினோமா பலியிட்டோமா, எதிரிகளை மன்னித்தோமா கொன்றோமா என்பதைப் பார்த்து, கடைசியில் அவளும் அப்படியே ஆகிறாள். பார்த்துத்தானே பிள்ளைகள் கற்கிறார்கள்! அந்த எளிய உண்மையை ஒரு விளையாட்டின் விதியாகவே மாற்றிக் காட்டியது அது.

அந்த விதியைத் தன் உயிராக எடுத்துக்கொண்டது ‘தி வாக்கிங் டெட்’. முதல் பாகத்தில் நாம் ஒரு பதில் சொன்னால், க்ளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள் என்ற பொருளில் திரையின் மூலையில் சிறு எழுத்தில் ஒரு வரி வந்து மறையும். மற்றவர்கள் பெயரிலும் இப்படி வரும். ஆனால் அவள் பெயரில் வரும்போது மட்டும் மனம் ஒரு கணம் நிற்கும். திருடுவது சரியா, பொய் சொல்வது சரியா என்று ஒவ்வொன்றையும் அவள் முன்னால் செய்ய வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் வரும். பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் தாயின் இடத்தில் நின்று பாடுவது போல, நாம் காப்பாளரின் இடத்தில் நின்று விளையாடுகிறோம். முதல் பாகத்தின் முடிவில் லீ கடிபட்டுச் சாகிறான். அவனைச் சுட்டுவிட்டுப் போவதா, அப்படியே விட்டுவிட்டுப் போவதா? இரண்டில் ஒன்றை அந்தச் சிறுமி செய்தாக வேண்டும். எதைச் செய்யச் சொல்வது என்று தீர்மானிப்பது லீயாக இருக்கும் நாம். ரயிலில் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு இவ்வளவு சீக்கிரம் தேர்வு வரும் என்று யார் நினைத்தது?

2013 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது இடம் மாறியது. இப்போது நாமே க்ளெமென்டைன். தொடக்கத்திலேயே ஒரு கழிவறையில், கையில் இருக்கும் துப்பாக்கியைக் கைகழுவும் தொட்டியின் மேல் வைத்துவிட்டு நகர்கிறாள். உள்ளே நுழைந்த வேறொருத்தி அதை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் கவனக்குறைவால் அவளோடு இருந்த ஓமித் செத்துப்போகிறான். பிறகு கதை பதினாறு மாதங்கள் தாண்டுகிறது. அவளுக்கு வயது பதினொன்று. ஒரு நாய் அவள் கையைக் குதறிவிடுகிறது. அவளைக் கண்டெடுத்தவர்கள், அது நடைப்பிணத்தின் கடியாக இருக்கலாம் என்று அஞ்சி, ராத்திரி முழுக்க ஒரு கொட்டகையில் அடைத்துவிடுகிறார்கள்.

அங்கே ஒரு காட்சி வருகிறது. இன்றும் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் என்னால் அதைத் தாண்ட முடிவதில்லை. பலகையைப் பெயர்த்து வெளியே வந்து, வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, மருந்தும் ஊசி நூலும் எடுத்துவந்து, தன் கையைத் தானே தைத்துக்கொள்கிறாள். மருந்தைக் காயத்தில் ஊற்றுகிறோம், அவள் வலியில் துடிக்கிறாள். ஊசியைத் தோலுக்குள் செலுத்த நாம்தான் கன்ட்ரோலரின் குச்சியை நகர்த்த வேண்டும். ஒருமுறை குத்தி இழுத்ததோடு முடியாது, மறுபடி குத்த வேண்டும். பட்டனை அழுத்தாமல் நான் சும்மா இருந்தேன், அவளும் சும்மா இருந்தாள். நான் தொடராமல் அவளுக்கு விடிவில்லை என்று புரிந்தபோதுதான் தொடர்ந்தேன். முதல் பாகத்தில் அவளைக் காப்பதற்காக எடுத்துக்கொண்ட கைகளாலேயே இங்கே அவளுக்கு வலி கொடுக்கிறோம். லீ இருந்திருந்தால் என்று ஏங்கிப்போவோம். லீயாக இருந்தவர் நாம்தான் என்பதால் அந்த ஏக்கம் இரண்டு மடங்கு.

இந்த இரண்டாம் பாகத்தில் ஒரு குறையும் உண்டு. சுற்றிலும் வளர்ந்தவர்கள் இருக்க, ஆபத்தான ஒவ்வொரு வேலைக்கும் பதினொரு வயதுப் பிள்ளையையே அனுப்புகிறார்கள். பெரியவர்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். அவள் நாயகி, விளையாடுவதற்கு வேலை வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அப்படிச் சுமை ஏற்றும்போது, அவள் குழந்தை என்பதே சில இடங்களில் மறந்துபோகிறது. பனிக்காலத்தில், அவளோடு வந்த பெரியவர்களான கென்னியும் ஜேனும் ஒருவரையொருவர் கொல்ல நிற்கும் கடைசிக் காட்சியில்தான் கதை மறுபடி தன் இடத்துக்கு வருகிறது. சுடுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒரு முடிவுதான் என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்ளும் தருணம் அது.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இதே வழியை இன்னும் கறாராக எடுத்துக்கொண்டது. 2013-இல் நாட்டி டாக் வெளியிட்ட முதல் பாகத்தில் எல்லிக்குப் பதினான்கு வயது. மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்ற முரட்டு மனிதனாக விளையாடி, அவளைப் பாழடைந்த அமெரிக்காவின் குறுக்கே அழைத்துச் செல்கிறோம். கொள்ளை நோய்க்கு மருந்து அவள் மூளையில் இருக்கிறது, எடுத்தால் அவள் சாவாள். மருத்துவரைக் கொன்று அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறான் ஜோயல். பட்டனை அழுத்துவது நாம். கடைசிச் சில நிமிடங்களில் சத்தமில்லாமல் விளையாட்டு நம்மை எல்லியின் உடம்புக்குள் வைத்துவிடுகிறது. அவன் பின்னால் நடந்துபோகிறோம். நடந்ததைப் பற்றி அவன் சொன்னது உண்மைதானா என்று அவள் கேட்கிறாள், அவன் சத்தியம் செய்து பொய் சொல்கிறான். அந்தப் பொய்யை நாம் வாங்கிக்கொள்கிறோம், அது பொய் என்று தெரிந்தே. பிள்ளையின் பக்கம் நின்று பெற்றவரைப் பார்க்க வைத்த அந்தச் சில நிமிடங்கள்தான் இரண்டாம் பாகத்துக்கு விதை.

இரண்டாம் பாகம் 2020 ஜூன் 19 அன்று வந்தது. எல்லிக்கு வயது பத்தொன்பது. ஜோயல் கொல்லப்படுகிறான். அவனைக் கொன்ற ஏபி, முதல் பாகத்தில் அவன் கொன்ற மருத்துவரின் மகள். பழிவாங்கப் புறப்படும் எல்லியாக விளையாடத் தொடங்கி, பாதிக்குப் பிறகு ஏபியாக விளையாட வேண்டியிருந்தது பலரைக் கொதிக்க வைத்தது. ஏபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் கூட வந்தன. இதை வெறும் ரசிகர் வெறி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒரு பிள்ளைமேல் வைக்கும் பாசத்துக்குள் உரிமை கொண்டாடும் குணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. எங்கள் எல்லி இப்படி ஆகக் கூடாது, எங்கள் ஜோயலைத் தொடக் கூடாது என்ற அந்தக் கோபம் அங்கிருந்து வந்தது. முதல் பாகத்தில் ஜோயலைக் கொலைகாரன் ஆக்கியதும் அதே குணம்தான். விளையாடியவர்களிடமே அதைத் தூண்டிவிட்டு, அதைப் பாருங்கள் என்று சொன்ன துணிச்சலுக்காகவே இந்தப் பாகத்தை நான் உயர்வாக வைக்கிறேன்.

அந்த விளையாட்டு பழியால் மட்டும் ஆனதல்ல. நடுவில் ஒரு பழைய நாள் நினைவாக வருகிறது. எல்லியின் பதினாறாவது பிறந்தநாள். காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்கு ஜோயல் அவளை அழைத்துப் போகிறான். டைனோசர் எலும்புக்கூடுகளைத் தாண்டி மாடியில் விண்வெளிக் கூடம். விண்வெளி வீராங்கனை ஆக ஆசைப்பட்டவள் அவள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பழைய விண்கலத்துக்குள் ஏறி உட்காருகிறாள். அவன் ஒரு ஒலிநாடாவைக் கொடுக்கிறான். கண்ணை மூடிக்கொள்கிறாள். ராக்கெட் கிளம்பும் எண்ணிக்கை காதில் ஓட, மூடிய கண்களின் மேல் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. அசையாத கலத்தில் உட்கார்ந்து அவள் போய்வந்த பயணம் அது. அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் அதே பெண் ஒருத்தியைக் குழாயால் அடித்துத் தகவல் கேட்கும்போது, ஒவ்வொரு அடிக்கும் நாமே பட்டனை அழுத்த வேண்டியிருக்கும்போது, கை கூசும்.

கிடாரையும் சொல்ல வேண்டும். ஜோயல் அவளுக்குக் கிடார் கற்றுக்கொடுத்திருக்கிறான். கன்ட்ரோலரின் தொடுபரப்பில் விரலை இழுத்தால் தந்தி அதிரும். விளையாடுபவர் தானாகவே மெட்டுகளை வாசித்துப் பார்க்கலாம். கதையின் கடைசியில், இடது கையின் இரண்டு விரல்களை இழந்து காலி வீட்டுக்குத் திரும்பும் எல்லி அதே கிடாரை எடுக்கிறாள். நாமும் அதே போல விரலை இழுக்கிறோம். தந்தியை அழுத்த விரல் இல்லாததால் சுரம் ஓட்டையாக விழுகிறது. பத்து மணி நேரம் வசனம் பேசினாலும் சொல்ல முடியாததை அந்த ஓட்டை சுரம் சொல்லிவிடுகிறது. அவள் எதை இழந்தாள் என்பதை நம் விரலே தெரிந்துகொள்கிறது.

‘காட் ஆஃப் வார்’ இந்த வரிசையில் சற்று இதமானது. 2018-இல் வந்த பாகத்தில் க்ரேடோஸ் தன் மகன் ஆட்ரியஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். மான் வேட்டைக்குப் பிறகு மகனின் முதுகைத் தொட நீளும் கை, தொடாமலே திரும்பும். ஒரு பட்டனை அழுத்தினால் பையன் அம்பு எய்வான். அவன் நோயில் விழுந்து, க்ரேடோஸ் தனியாக மருந்து தேடிப் போகும் பகுதியில், பழக்க தோஷத்தில் விரல் அந்தப் பட்டனைத் தேடிப் போகும். அம்பு வராது. ஒரு பிள்ளை இல்லாத வெறுமையை இப்படி விரல் நுனியில் வைத்தது பெரிய கலை. 2022-இல் வந்த ‘ரக்னராக்’கில் அவன் மீசை அரும்பும் வயதில் நிற்கிறான். நான்காண்டு இடைவெளியில் அவனுக்குக் குரல் கொடுத்த சன்னி சுல்ஜிக்கின் குரலும் உடைந்திருந்தது. தொடக்கத்திலேயே க்ரேடோஸ் ஒரு கரடியோடு உக்கிரமாகச் சண்டை போடுகிறார். வீழ்த்திய பிறகு பார்த்தால் கரடியின் உருவத்தில் இருந்தது மகன். வளர்ந்த பிள்ளையை அடையாளம் தெரியாமல் அடித்துவிடும் அப்பாக்களை நாம் பார்த்ததில்லையா? தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று நம் ஊரில் சொல்வார்கள். மகன் அதைப் புரிந்துகொள்ள மூன்று நாள் போதும், அப்பாவுக்கு மூன்று ஆண்டு வேண்டும் என்கிற கதை இது. ஆட்ரியஸாகவே நாம் விளையாடும் பகுதிகள் சில மெதுவாக நகர்கின்றன என்ற குறை நியாயம்தான். ஆனால் அவன் தனியே தன் வழியில் கிளம்பும்போது அப்பாவோடு சேர்ந்து நாமும் வழியனுப்பி வைக்க முடிவது, அவனாக நாமும் நடந்திருப்பதால்தான்.

பிரான்சின் போர்டோ நகரத்து அசோபோ ஸ்டூடியோ செய்த ‘எ பிளேக் டேல்’ இரண்டு பாகங்களையும் (2019, 2022) இங்கே சேர்க்கலாம். 1348-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலத்தில், ஐந்து வயதுத் தம்பி ஹ்யூகோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் அக்கா அமீசியாவுக்கு வயது பதினைந்து. இரண்டு கதைகளுக்கும் இடையே ஓடியது ஆறே மாதம். அதற்குள் அவள் கொலைக்குப் பழகிவிட்டாள் என்பது அவளையே பயமுறுத்துகிறது. வளர்ச்சியை ஆண்டுகளால் அளக்க வேண்டியதில்லை என்று காட்டிய விதம் பிடித்திருந்தது.

பிள்ளை நம் சொல்லை மீறுவதை ஒரு விதியாகவே எழுதிய விளையாட்டு ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2’ (2018–19). பதினாறு வயது அண்ணன் ஷானாக விளையாடி, அபூர்வ சக்தி கொண்ட ஒன்பது வயதுத் தம்பி டேனியலை மெக்சிகோ எல்லை வரை கூட்டிப் போகிறோம். எல்லையில் சரணடைவதா, தாண்டுவதா என்று நாம் முடிவெடுக்கலாம். ஆனால் வழியெல்லாம் அவனை எப்படி வளர்த்தோம் என்பதைப் பொறுத்து, தம்பி அதை ஏற்பான் அல்லது மீறுவான். அண்ணன் சரணடைய நினைத்தாலும் தம்பி எல்லைக் காவலை உடைத்துக்கொண்டு போகலாம். அண்ணன் தாண்ட நினைத்தாலும் தம்பி காரிலிருந்து குதித்துவிடலாம். கடைசி முடிவை ஆட்டக்காரரின் கையிலிருந்து பறித்துப் பிள்ளையின் கையில் கொடுத்த இந்தத் துணிச்சலுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

மறுபடி க்ளெமென்டைனிடமே வர வேண்டும், ஏனென்றால் வட்டத்தை முழுதாகச் சுற்றிக் காட்டியது அவள் கதை மட்டும்தான். 2018 ஆகஸ்டில் கடைசிப் பாகம் தொடங்கியபோது அவள் பதின்பருவப் பெண்ணாகியிருந்தாள். அவள் வளர்க்கும் சிறுவன் ஏஜே. நாம் லீயாக இருந்து சொல்லிக்கொடுத்ததை, இப்போது க்ளெமென்டைனாக இருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தலையைக் குறிபார்க்க வேண்டும் என்பது அதில் ஒன்று. முதல் அத்தியாயத்தின் முடிவில், சண்டை ஓய்ந்து எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, தோற்று நிற்கும் மார்லன் என்ற இளைஞனைப் பின்னாலிருந்து தலையில் சுட்டுவிடுகிறான் ஏஜே. நீ சொன்னபடிதானே தலையைக் குறிபார்த்தேன் என்கிறான். அந்தச் சிறுவனின் முகத்தில் குற்ற உணர்வு இல்லை. பாராட்டை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளையின் முகம் அது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ரயில் பெட்டியில் பாட்டிலைக் குறிபார்க்கச் சொன்ன நாள் என் நினைவுக்கு வந்தது. இரண்டு கை மாறி, நாம் கொடுத்த பாடமே நம்மிடம் திரும்பி வந்திருந்தது.

கடைசி அத்தியாயத்தில், கடினமான முடிவுகளை நீயே எடுக்கலாம் என்று அவனை நம்புவதா வேண்டாமா என்று கேட்கப்படுகிறது. நம்பினால் ஒரு பாலத்தின் மேல் அவன் எடுக்கும் முடிவு ஒருவர் உயிரைக் காக்கும், இன்னொருவர் உயிரைப் பறிக்கும். நம்பாவிட்டாலும் இழப்பு உண்டு. பிறகு க்ளெமென்டைன் காலில் கடிபடுகிறாள். லீயின் மரணக் காட்சி மறுபடி நடக்கிறது, இந்தமுறை சாகக் கிடப்பது க்ளெமென்டைனாக இருக்கும் நாம். ஏஜே கோடரியை ஓங்குகிறான், திரை இருளுகிறது. வெளிச்சம் வரும்போது நம் கையில் இருப்பது ஏஜே. மீன் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறான். அவள் உயிரோடு இருக்கிறாள், ஒரு கால் இல்லாமல். கொல்லாமலும், விட்டுப் போகாமலும், நாம் நினைத்தே பார்க்காத மூன்றாவது வழியைப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறான். வளர்ப்பு என்பதற்கு இதைவிட நல்ல காட்சியை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கதைகளுக்குள் ஓடிய காலம் நமக்குள்ளும் ஓடியிருக்கிறது. க்ளெமென்டைனை முதல்முதலாகப் பார்த்ததற்கும் வழியனுப்பியதற்கும் இடையே ஏழு ஆண்டு, எல்லிக்கும் ஏழு ஆண்டு. கல்லூரியில் படிக்கும்போது லீயாக விளையாடியவர், கடைசிப் பாகம் வரும்போது கையில் குழந்தையோடு இருந்திருக்கலாம். நான்கு பாகங்களிலும் க்ளெமென்டைனுக்குக் குரல் கொடுத்தவர் மெலிசா ஹட்சிசன் என்ற ஒரே நடிகை. 2018 செப்டம்பரில், கடைசிப் பாகம் பாதியில் இருக்கும்போதே டெல்டேல் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஸ்கைபவுண்ட் நிறுவனம் பொறுப்பேற்று, பழைய ஊழியர்கள் பலரைத் திரும்ப அழைத்து முடித்தது. கடைசி அத்தியாயம் 2019 மார்ச் 26 அன்று வந்தது. நிறுவனம் கலைந்த பிறகும் அந்தப் பெண்ணின் கதையை முடிக்கத் திரும்பி வந்த அந்தத் தொழிலாளர்களுக்கு விளையாடியவர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

புதிதாக விளையாட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தி வாக்கிங் டெட்’, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’, ‘காட் ஆஃப் வார்’ மூன்றுமே ஐரோப்பிய வயதுச் சான்றிதழின்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. குழந்தைகளைப் பற்றியவை என்றாலும் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், நீங்கள் விளையாடுங்கள். இரண்டாம் பாகத்தில் கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து தொடங்காதீர்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டுப் போங்கள். ரயில் பெட்டியில் முடி வெட்டும் காட்சி வந்தால், அவசரப்பட்டுத் தாண்டாமல் அவளோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருங்கள்.